மௌத்தானவர்களுக்காகக் குர்பானி: முதல் முறை கொடுப்பவர்களுக்கு

வீட்டில் ஒருவர் மௌத்தான (இறந்த) பிறகு வரும் முதல் பக்ரீத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே அந்தப் பேச்சு வந்துவிடும். "அத்தாவுக்கு ஒரு குர்பானி கொடுத்துடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். குர்பானி என்றால் பக்ரீத் நாட்களில் அல்லாஹ்வுக்காக ஆடு மாடு அறுப்பது. எல்லோரும் சரி என்பார்கள். அடுத்த நிமிஷமே ஆடு என்ன விலை, யாரிடம் பணம் கட்டுவது என்று பேச்சு போய்விடும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நாலைந்து இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. என் அத்தாவும் (தகப்பனார்) என் மாமனாரும் ஒரே வருடத்துக்குள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம் வந்த பக்ரீத் 2024 ஜூன் 17. நாங்கள் திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி). என் மனைவி கீழக்கரைப் பெண், அவர்கள் ஷாஃபிஈ. எங்கள் பள்ளி இமாமிடம் கேட்டேன், "தாராளமாகக் கொடுங்கள்" என்றார். மனைவி தன் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) போனில் கேட்டாள். அவர், "வாப்பா வஸிய்யத் (மரண சாசனம்) ஏதும் செய்துவிட்டுப் போனாரா?" என்றார். இல்லை என்றாள். "அப்படியானால் உளுஹிய்யாவாக (குர்பானியாக) வேண்டாம் மகளே, ஸதகாவாக (தர்மமாக) கொடு" என்று சொல்லிவிட்டார். போனை வைத்தவள் வெகுநேரம் அடுப்படியை விட்டு வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தகப்பன்மார். ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்? இரண்டு ஆலிம்களும் சொன்னது சரிதான் என்று அப்புறம் உட்கார்ந்து கேட்டபோதுதான் விளங்கியது. அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான், செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

"பேரில்" என்று சொல்கிறோமே

முதலில் இந்தச் சொல்லைச் சரிசெய்து கொள்வோம். "அத்தா பேரில் அறுக்கிறோம்" என்று பழக்கத்தில் சொல்கிறோம். கத்தி வைக்கும்போது சொல்லப்படும் பெயர் அல்லாஹ்வின் பெயர் ஒன்றுதான். அறுப்பது அவனுக்காக. மௌத்தானவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாம் கேட்பது நன்மையை. ஆகவே "அத்தா சார்பில்" என்பதே சரியான பேச்சு. சின்ன வித்தியாசம்தானே என்று விடாதீர்கள், வீட்டுப் பிள்ளைகள் நம் வாயிலிருந்துதான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

அதேபோல நாற்பதாம் நாள் கத்தத்துக்கு (குர்ஆன் ஓதி முடிப்பது) அறுத்துச் சோறு போடுவது, வருஷ நாளில் ஏழைகளுக்கு உணவு கொடுப்பது, இதெல்லாம் குர்பானி ஆகாது. குர்பானிக்கு நாள் உண்டு: துல்ஹஜ் பிறை 10, பெருநாள் தொழுகைக்குப் பிறகு ஆரம்பம். ஹனஃபியில் பிறை 12 மஃரிபோடு (சூரியன் மறையும் நேரம்) முடிகிறது, ஷாஃபிஈயில் 13 மஃரிப் வரை. தொழுகைக்கு முன்னால் அறுத்துவிட்ட அபூ புர்தா (ரலி) அவர்களிடம், அது வெறும் கறி ஆடுதான் என்று நபி (ஸல்) சொல்லிவிட்டார்கள். வேறொன்றை அறுக்கச் சொன்னார்கள்.

ஆட்டுக்கு முன்னால் கணக்கு

ஆடு வாங்கக் கிளம்புவதற்கு முன் குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள்.

கடன். அவர் யாருக்காவது தர வேண்டியது பாக்கி இருக்கிறதா? மளிகைக் கடைப் பாக்கி, கைமாற்று, மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹர் (மணக்கொடை), எல்லாமே கடன்தான். முஃமினுடைய (இறைநம்பிக்கையாளர்) ஆத்மா அவருடைய கடனோடு தொங்கிக்கொண்டிருக்கிறது, அது தீர்க்கப்படும் வரை என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. கடனை வைத்துக்கொண்டு கிடா அறுப்பது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. எங்கள் அத்தாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "சைக்கிள் கடை 340" என்று எழுதியிருந்தது. கடைக்காரருக்கே அது மறந்து போயிருந்தது. கொடுத்துவிட்டு அந்த வரியை அடித்த பிறகுதான் எனக்கு ஆட்டைப் பற்றிப் பேசவே தோன்றியது.

வஸிய்யத். "நான் போனபிறகு எனக்காகக் குர்பானி கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாரா? எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால், கடன் போக மிஞ்சும் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அதை நிறைவேற்றுவது வாரிசுகளின் பொறுப்பு. அது வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் நடக்க வேண்டியது. உயிரோடு இருந்தபோது நேர்ச்சை செய்து நிறைவேற்றாமல் போயிருந்தாலும் ஆலிமிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதற்குச் சட்டம் வேறு.

யாருடைய பணம். இதில்தான் நல்ல மனசோடு பெரிய தப்பு நடக்கிறது. சொத்து இன்னும் பிரிக்கவில்லை, வாரிசுகளில் பருவம் அடையாத பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்தப் பொதுப் பணத்தில் வஸிய்யத் இல்லாமல் குர்பானி கொடுத்தால் அந்தப் பிள்ளையின் பங்கும் அதில் போகிறது. சின்னப் பிள்ளையின் சம்மதம் செல்லாது. அண்ணன், சித்தப்பா யாரும் அதற்குச் சம்மதம் தர முடியாது. எனவே சொந்தக் கைக்காசைப் போடுங்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கை சேர்ந்து போட்டு, வாங்குகிறவர் கையில் அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் ஒருவர் நிய்யத்தில் (மனதில் வைக்கும் எண்ணம்) ஒரு ஆடு வாங்கினால் போதும்.

கூடுமா, கூடாதா

மத்ஹபுகள் இதில் ஒரே மாதிரி இல்லை. இதை மறைத்து "எல்லோரும் கொடுக்கலாம்" என்று எழுதுவது சரியாகாது.

ஹனஃபியில் கூடும். வஸிய்யத் இல்லாவிட்டாலும் உங்கள் பணத்தில் நஃபிலாக (கட்டாயமில்லாத கூடுதல் வணக்கமாக) கொடுத்து நன்மையைச் சேர்த்து வைக்கலாம். ஹன்பலியிலும் கூடும். ஷாஃபிஈயில் பலமான சொல், வஸிய்யத் இல்லாமல் மௌத்தானவர் சார்பில் உளுஹிய்யா நிறைவேறாது என்பது. அந்த மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவீ அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர் சார்பிலேயே அவர் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது என்பது அவர்கள் வைக்கும் அடிப்படை. அதே மத்ஹபில் அபுல் ஹசன் அல்அப்பாதீ போன்றவர்கள், இதுவும் ஸதகாவில் ஒரு வகை, ஸதகாவின் நன்மை மையித்துக்கு (இறந்தவருக்கு) சேரும், ஆகவே கூடும் என்று சொன்னவர்கள். மாலிகியில் மக்ரூஹ் (விரும்பத்தகாதது). இறந்தவருக்கென்று தனியாகக் கொடுக்க நபிவழியில் உறுதியான ஆதாரம் இல்லை, குடும்பத்தோடு சேர்த்து நிய்யத் வைத்தால் போதும் என்று சொல்லும் ஜமாஅத்துகளும் நம்மிடையே உண்டு.

ஆதாரம் கேட்கிறவர்களுக்கு: நபி (ஸல்) கடாவை அறுத்தபோது "யா அல்லாஹ், முஹம்மதிடமிருந்தும் முஹம்மதின் குடும்பத்தாரிடமிருந்தும் முஹம்மதின் உம்மத்திடமிருந்தும் (சமுதாயத்தாரிடமிருந்தும்) ஏற்றுக்கொள்வாயாக" என்று துஆ செய்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள், முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. அந்த உம்மத்தில் அன்றைக்கு மௌத்தாகியிருந்தவர்களும் உண்டே என்று கூடும் என்பவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அலி (ரலி) நபியவர்கள் சார்பில் ஒரு கடா அறுத்ததாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் வருவது பலவீனமான அறிவிப்பாளர் தொடர். அதை வைத்து வாதம் செய்ய வேண்டாம். அதே இடத்தில் ஆரம்பகால அறிஞர் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக்கின் கருத்தை இமாம் திர்மிதி பதிவு செய்கிறார்கள்: மையித்துக்காக ஸதகா கொடுப்பதே எனக்கு விருப்பம், குர்பானி கொடுத்தால் அதிலிருந்து எதையும் சாப்பிடாமல் முழுவதையும் ஸதகா செய்துவிட வேண்டும்.

ஸதகாவில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. "என் தாய் திடீரென்று மௌத்தாகிவிட்டார், பேச முடிந்திருந்தால் தர்மம் செய்திருப்பார் என்று நினைக்கிறேன், நான் அவருக்காக ஸதகா செய்தால் நன்மை உண்டா?" என்று ஒருவர் கேட்டபோது நபி (ஸல்) ஆம் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் என் மனைவி சமாதானம் ஆனாள். அவள் வாப்பாவுக்காக ஆட்டின் விலைக்குச் சமமான தொகையை ஊரில் ஒரு விதவைத் தாய்க்குத் தையல் மெஷின் வாங்கக் கொடுத்தோம்.

உங்கள் மத்ஹப் எது, உங்கள் ஆலிம் யார் என்பதைப் பொறுத்து முடிவு எடுங்கள். போனில் ஐந்து பேரிடம் கேட்டு, பிடித்த பதிலைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுடையது முதலில்

ஹனஃபிகளுக்கு இது முக்கியம். குர்பானி நாட்களில், அடிப்படைத் தேவை போக 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்குச் சொத்து இருந்தால் குர்பானி வாஜிப் (கட்டாயக் கடமை). வருஷம் பூர்த்தியாக வேண்டும் என்பதில்லை. ஒரு ஆடு ஒரு ஆளுக்குத்தான். நகை வைத்திருக்கும் மனைவிக்குத் தனியாக வாஜிபாக இருக்கலாம். "இந்த வருஷம் என்னுடையதை விட்டுவிட்டு அம்மாவுக்குக் கொடுக்கிறேன்" என்பது நடக்காது. தன் வாஜிபை முடித்துவிட்டு, மேலே வசதி இருந்தால்தான் மௌத்தானவருக்கு நஃபில்.

ஷாஃபிஈயில் குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி), கட்டாயம் இல்லை. வீட்டில் ஒருவர் கொடுத்தால் வீட்டாருக்குப் பொதுவாக அந்த சுன்னத் நிறைவேறிவிடும்.

இரண்டு மூன்று பேர் மௌத்தாகியிருக்கிறார்கள், ஒரு ஆட்டுக்குத்தான் வசதி என்றால்? ஹனஃபி ஆலிம்கள் சொல்லும் வழி எளிது. ஆட்டை நஃபிலாக உங்கள் நிய்யத்தில் அறுங்கள். அதன் நன்மையை அத்தா, அம்மா, நன்னா, நன்னி எல்லோருக்கும் சேர்த்து வையுங்கள்.

துல்ஹஜ் பிறை பார்த்ததிலிருந்து, குர்பானி கொடுப்பவர் முடியும் நகமும் வெட்டாமல் இருப்பது நல்லது. உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இது. பணம் போட்டு நிய்யத் வைப்பவருக்குத்தான் இது, அறுத்துக் கொடுப்பவருக்கு இல்லை.

ஆடா, கூட்டுக் குர்பானியில் பங்கா

மாட்டிலும் ஒட்டகத்திலும் ஏழு பேர் சேரலாம். ஹுதைபிய்யா என்ற இடத்தில் அப்படிச் செய்ததை ஜாபிர் (ரலி) சொல்கிறார்கள். ஏழில் ஒரு பங்கு மௌத்தானவர் சார்பில் இருந்தால் மற்ற ஆறு பேருக்கும் ஹனஃபியில் பாதிப்பில்லை. ஏழு பேரில் ஒருவர் வெறும் கறிக்காகச் சேர்ந்திருந்தால் எல்லோருடையதும் கெட்டுவிடும் என்பது அவர்கள் சட்டம். எனவே யாரோடு சேருகிறீர்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மாடு அறுப்பதற்கு 1958ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. சான்றிதழ், இடம் எல்லாவற்றையும் ஜமாஅத் பார்த்துக்கொள்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணம் கட்டும்போது துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: இன்னார் சார்பில், நஃபிலா அல்லது வஸிய்யத்தா, எந்த நாளில் அறுக்கப்படும், எந்த நம்பருக்குத் தகவல் தர வேண்டும். முன்பு ஒருமுறை அம்மாவுக்காக வெளியூர் அமைப்பு ஒன்றுக்குப் பணம் அனுப்பியிருந்தேன். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் போன் செய்தேன், "லிஸ்ட்ல இருக்குங்க" என்றார்கள். அறுத்தாயிற்றா என்று கேட்டால் பதில் இல்லை. நாலாம் நாள் ஒரு படம் வந்தது, யாருடைய ஆடு என்று தெரியாத படம். அந்த வருஷம் முழுக்க அந்த நினைப்பு என்னை விடவில்லை. கண் முன்னால் அறுக்கிற வாய்ப்பு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே பெருநாள் பெரும்பாலும் ஒரு நாள் முன்னால் வரும். 2024இல் சவூதியில் ஜூன் 16, இங்கே 17. பணம் அனுப்பும் ஹனஃபிகள், ஊரில் முதல் நாளோ இரண்டாம் நாளோ அறுத்துவிடச் சொன்னால் இரண்டு ஊர்க் கணக்கிலும் நாள் தவறாது.

சந்தையில்

எங்கள் பக்கம் அய்யலூர் சந்தை, வியாழக்கிழமை. பக்ரீத்துக்கு முந்தைய வியாழன் என்றால் விடிவதற்கு முன்பே ரோடு முழுக்க ஆடாக இருக்கும். விலை எகிறும், அவசரப்பட்டால் வயசு பார்க்காமல் ஏமாந்துவிடுவோம். முடிந்தால் ஒரு மாதம் முன்னாலேயே வளர்ப்பவர் வீட்டில் பேசி வைப்பது நல்லது.

வெள்ளாடு ஹனஃபியில் ஒரு வயது முடிந்திருக்க வேண்டும், ஷாஃபிஈயில் இரண்டு வயது. செம்மறி ஷாஃபிஈயில் ஒரு வயது. ஹனஃபியில் ஆறு மாதம் முடிந்து, பார்க்க ஒரு வயது ஆடு போல் இருந்தாலே செல்லும். மாடு இரண்டு வயது.

வயசுக்குப் பல்லைப் பார்க்க வேண்டும். ஆட்டின் கீழ்த்தாடையில்தான் முன்பல் இருக்கும், எட்டுப் பல். கீழுதட்டைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். எட்டும் பால்பல்லாகச் சின்னதாக, ஒரே அளவாக இருந்தால் இன்னும் பல் போடவில்லை. நடுவில் இரண்டு மட்டும் அகலமாக, மற்றவற்றைவிடப் பெரிதாக நின்றால் "ரெண்டு பல்", ஒரு வயதைத் தாண்டிவிட்டது. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி இருக்கும். ஷாஃபிஈகள் வளர்த்தவரிடம் பிறந்த மாதத்தையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் பார்த்த முதல் கிடா முப்பது கிலோவுக்கு மேல் இருந்தது, ஆள் உயரத்துக்குத் துள்ளியது, பல்லைப் பார்த்தால் அத்தனையும் பால்பல். விட்டுவிட்டேன்.

நாலு குறை கூடாது என்று பராஉ (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது: நன்றாகத் தெரியும் ஒற்றைக்கண், தெளிவான நோய், தெளிவான நொண்டல், எலும்பில் மஜ்ஜை இல்லாத அளவுக்கு மெலிவு. கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பாருங்கள். காதைத் தடவிப் பாருங்கள். நம் பக்கத்தில் அடையாளத்துக்காகக் காதை வெட்டிவிடுவார்கள். ஹனஃபியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போயிருந்தால் செல்லாது. ஷாஃபிஈயில் ஒரு சிறு துண்டு போயிருந்தாலே செல்லாது, வெறும் கீறல் மட்டும் என்றால் பரவாயில்லை. பிறவியிலேயே கொம்பு இல்லாததும் காயடித்ததும் செல்லும்.

பெருநாள் காலை

கத்தியை முந்தைய இரவே தீட்டி வைத்துவிடுங்கள், ஆட்டின் கண் முன்னால் தீட்டாதீர்கள். அறுக்கும் முன் தண்ணீர் காட்டுங்கள். ஒன்றின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்காதீர்கள்.

தொழுகை முடிந்து வந்ததும், இடப்பக்கம் சாய்த்து கிப்லாவை (தொழும் திசை) நோக்கிப் படுக்க வையுங்கள். உங்களுக்கு அறுக்கத் தெரிந்தால் நீங்களே அறுப்பது சிறப்பு. இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் பொறுப்பைக் கொடுத்துப் பக்கத்தில் நில்லுங்கள். நிய்யத் மனதில் போதும். "பிஸ்மில்லாஹி, அல்லாஹு அக்பர்" என்று சொல்லி அறுத்ததும், "யா அல்லாஹ், இதை என் தகப்பனார் சார்பில் ஏற்றுக்கொள்வாயாக" என்று தமிழிலேயே துஆ கேட்கலாம். மைக்கில் பெயர் வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

நான் ஆட்டின் முன்னங்காலைப் பிடித்திருந்தேன். அறுத்த பிறகு உடம்பு முழுக்க அடங்கும் வரை கையை எடுக்காதே என்று இமாம் சொன்னார். துடிப்பு நிற்பதற்குள் கழுத்தை ஒடிப்பது, தோலை உரிக்க ஆரம்பிப்பது எல்லாம் கூடாது. அவசரக்கார ஆட்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கறி எங்கே போகும்

மேலே கணக்குப் பார்க்கச் சொன்னதற்குப் பெரிய காரணம் இதுதான். வஸிய்யத்தின்படி அவருடைய சொத்திலிருந்து கொடுத்த குர்பானி என்றால், ஹனஃபியிலும் சரி ஷாஃபிஈயிலும் சரி, கறி முழுவதும் ஏழைகளுக்கு. நீங்களும் சாப்பிடக் கூடாது, வசதியான சொந்தக்காரர்களுக்கும் தரக் கூடாது. உங்கள் பணத்தில் நஃபிலாகக் கொடுத்தது என்றால் ஹனஃபியில் அது வழக்கமான குர்பானி மாதிரிதான்: வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, ஏழைகளுக்கு என்று மூன்றாகப் பிரிக்கலாம். முழுவதையும் ஸதகா செய்தாலும் நல்லது. நாங்கள் இப்னுல் முபாரக்கின் சொல்லை எடுத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்தோம். வீட்டுக்கு எங்கள் வாஜிப் ஆட்டுக் கறி இருந்தது.

இரண்டு ஆடு அறுத்தால் கறியைக் கலந்துவிடாதீர்கள். தனித்தனிப் பாய், தனித்தனிப் பை. ஏழைகளுக்குப் பச்சைக் கறியாகக் கொடுங்கள். ஷாஃபிஈயில் ஓரளவாவது பச்சையாகவே ஏழைக்குச் சேர வேண்டும், சமைத்துப் போடுவது அதற்கு ஈடாகாது. மாற்று மத அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதில் ஹனஃபியில் தடை இல்லை, ஷாஃபிஈகள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுத்துக் கொடுத்தவருக்குக் கூலியைக் கைக்காசில் தனியாகக் கொடுங்கள். கூலிக்குப் பதிலாகத் தோலோ தலையோ கறியோ கொடுக்கக் கூடாது என்று அலி (ரலி) அவர்களுக்கே நபி (ஸல்) கட்டளையிட்டிருக்கிறார்கள். கூலி போக அன்பளிப்பாகக் கறி கொடுக்கலாம். தோலை மதரஸாவுக்குக் கொடுத்துவிடலாம், விற்றுக் காசை வைத்துக்கொள்ளக் கூடாது.

யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போடும்போது, மௌத்தானவரின் கூட்டாளிகளில் கஷ்டப்படுபவர்களை முதலில் எழுதுங்கள். எங்கள் அத்தாவோடு முப்பது வருஷம் ஒரே ஸஃப்பில் (தொழுகை வரிசை) தொழுத ஒரு பெரியவருக்கு நானே பையை எடுத்துக்கொண்டு போனேன். "யாருடையது தம்பி?" என்றார். அத்தா சார்பில் என்றேன். பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏந்தினார். துஆ முடியும் வரை நானும் ஆமீன் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருஷம் கொடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒருமுறை கொடுத்தால் வருஷா வருஷம் கொடுத்தாக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. வசதி உள்ள வருஷம் கொடுங்கள். இல்லாத வருஷம் உங்கள் வாஜிபை மட்டும் முடித்துவிட்டு, கபுறுக்கு (அடக்கம் செய்த இடம்) போய் ஸலாம் சொல்லி, அவருக்காகப் பாவமன்னிப்பு கேளுங்கள்.